ஆங்கிலம் உடுத்திய சொற்கள்

ஒரு சமுதாயம் எவரெவரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தது என்பதை அறிய, அதன் அரசர்களின் சாசனங்களை மட்டுமே ஆராய வேண்டும் என்பதில்லை. அதன் உடைப் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு துணிக்கும் என்ன பெயர் என்று கேட்டாலே போதும். வாணிகர் எழுதிய கணக்கேடுகள் செல்லரித்துப் போகலாம். மக்களின் நாவில் ஏறிய பெயர் அத்தனை எளிதில் அழிவதில்லை.

இன்று நம் இல்லங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகள் 'ஷர்ட்', 'காட்டன்', 'பைஜாமா', 'ஜம்பர்' என்று உடைகளுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சரளமாகச் சொல்கிறார்கள். பாட்டனாரின் ஜுப்பாவும் பாட்டியாரின் துப்பட்டியும் அவர்களுக்குப் பழைய காலத்துப் பேச்சாகத் தோன்றுகின்றன. ஆங்கிலச் சொல் நாகரிகமானது, நம் வீட்டுச் சொல் நாட்டுப்புறமானது என்ற எண்ணம் எவரும் கற்பிக்காமலே பிள்ளைகளின் உள்ளத்தில் படிந்து விடுகிறது. அந்த எண்ணத்திற்கு வரலாற்றில் ஏதேனும் ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினைகள் வீட்டில் பிறந்தவை

முதலில் ஆங்கிலத்தில் உடை பற்றிய வினைகளைக் கவனிப்போம். அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு சிறு சொற்களின் கூட்டாகும். 'புட்' என்றால் வை. 'ஆன்' என்றால் மேல். இரண்டும் கூடி 'புட் ஆன்' என்றானவுடன் உடுத்துதல் என்ற பொருள் பிறக்கிறது. 'டேக் ஆஃப்' என்பது களைதல். கடையில் வாங்குமுன் போட்டுப் பார்ப்பது 'ட்ரை ஆன்'. பொத்தானை மாட்டுவது 'டு அப்'. தளர்ந்த சட்டையைத் தையற்காரர் பிடித்துத் தைத்தால் 'டேக் இன்'; இறுகிய சட்டையின் தையலைப் பிரித்து அகலமாக்கினால் 'லெட் அவுட்'. உடுத்தி உடுத்தித் துணி நைந்து போவது 'வேர் அவுட்'. அண்ணனுக்குச் சிறிதாகிவிட்ட உடையைத் தம்பிக்குக் கொடுப்பது 'ஹாண்ட் டவுன்'.

இவற்றில் வரும் 'புட்', 'டு', 'லெட்', 'வேர்' ஆகியவை ஆங்கிலேயரின் மூதாதையர் பேசிய பழைய ஆங்கிலத்தின் சொற்களே. 'டேக்' என்பது கடல் கடந்து வந்து அங்கே குடியேறிய வட நாட்டாரின் மொழியிலிருந்து வந்தது. உடுத்தலும் களைதலும் அன்றாடம் வீட்டுக்குள் நடக்கும் செயல்களாதலால், அவற்றுக்கான சொற்களும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறந்தன எனலாம்.

இங்கே தமிழையும் அரபியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. நாம் வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், சால்வை போர்த்துகிறோம், தலைப்பாகை சுற்றுகிறோம், தொப்பி வைக்கிறோம், செருப்பு மாட்டுகிறோம். அரபியில் 'லபிஸ' என்பது உடுத்தினான் என்ற பொதுச் சொல். ஆயினும் இடுப்பில் இஸாரைக் கட்டினால் 'இத்தஸர'. தோளில் ரிதாவைப் போர்த்தினால் 'இர்ததா'. தலையில் அமாமாவைச் சுற்றினால் 'தஅம்மம'. காலில் நஃலை அணிந்தால் 'இன்தஅல' என்று தனித்தனி வினைகள் உண்டு. ஆங்கிலமோ தலை முதல் கால் வரை எல்லாவற்றுக்கும் 'புட் ஆன்' என்ற ஒன்றையே சொல்லி அமைகிறது. தைக்காத துணியைக் கட்டியும் சுற்றியும் போர்த்தியும் வாழ்ந்த மக்களின் மொழியில் அச்செயல்களின் வேறுபாடு வினையாகவே நின்று விட்டது. ஒரு மொழி மற்றொன்றுக்குத் தாழ்ந்தது என்று இதனால் சொல்ல முடியாது. ஒவ்வொரு மொழியும் தன் மக்கள் உடுத்திய விதத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

அண்டை வீட்டாரின் கொடை

வினைகளை விட்டுப் பெயர்களுக்கு வந்தால் காட்சி மாறத் தொடங்குகிறது. 'ஷர்ட்' என்ற மேற்சட்டையும் 'ஸ்கர்ட்' என்ற பாவாடையும் உண்மையில் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். குட்டையான உடை என்பதே இரண்டின் அடிப்படைப் பொருள். பழைய ஆங்கிலம் அதை 'ஷ' ஒலியோடு வழங்கியது. வட நாட்டார் அதையே 'ஸ்க' ஒலியோடு கொண்டு வந்தனர். இரண்டும் ஒரே நாட்டில் தங்கி, ஒன்று மேலுக்கும் மற்றொன்று கீழுக்கும் உரியதாயிற்று.

1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. 'கோட்', 'கவுன்', 'பட்டன்', 'டெய்லர்', 'டிரஸ்' முதலிய சொற்கள் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தன. 'ரோப்' என்ற நீண்ட அங்கிக்கு மூலத்தில் கொள்ளைப் பொருள் என்று அர்த்தம். போரில் தோற்றவனிடமிருந்து பறித்த உடையே வென்றவனின் பெருமைக்குரிய அங்கியாயிற்று. இவ்வளவும் அண்டை வீட்டாரிடம் பெற்றவை. தொலைதூரக் கொடை இனிமேல்தான் வருகிறது.

பருத்தியோடு வந்த அரபு

பருத்திக்கு அரபியில் 'குத்ன்' என்று பெயர். ஸ்பெயினிலும் சிசிலியிலும் பருத்திச் செடியைப் பயிரிடச் செய்தவர்கள் முஸ்லிம்கள். ஸ்பானிய மொழி அரபியின் 'அல்' என்ற முன்னொட்டோடு சேர்த்தே இச்சொல்லை ஏற்று 'அல்கொதோன்' என்றது. பிரெஞ்சில் அது 'கொதோன்' ஆகி, ஆங்கிலத்தில் 'காட்டன்' ஆயிற்று. நம் பிள்ளைகள் 'காட்டன்' என்னும்போது, மதரஸாவில் நாம் ஓதிய 'குத்ன்' என்ற சொல்லைத்தான் சற்றே வளைத்து உச்சரிக்கிறார்கள்.

திமிஷ்க் நகரத்துப் பூ வேலைப் பட்டு 'டமாஸ்க்' ஆயிற்று. மூஸில் நகரத்தின் பெயர் 'மஸ்லின்' என்று நிலைத்தது. பொறுக்கி எடுத்தது என்று பொருள்படும் 'முகய்யர்' என்ற அரபுச் சொல் ஆட்டு உரோமத் துணிக்குப் பெயராகி இத்தாலி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அங்கே உரோமத்தைக் குறிக்கும் 'ஹேர்' என்ற சொல்லின் சாயல் படிந்து 'மோஹேர்' என்று திரிந்தது. தலையில் சுற்றும் மெல்லிய துணிக்கு அரபியில் 'ஷாஷ்' என்று பெயர். அதுவே ஆங்கிலத்தில் 'ஸாஷ்'. முதலில் கிழக்கு நாட்டாரின் தலைத்துணியைக் குறித்த இச்சொல் பின்னர் இடுப்பிலும் தோளிலும் அணியும் பட்டையைக் குறிக்கலாயிற்று. நாணயம் அடிக்கும் அச்சுக்கு 'ஸிக்கா' என்பர். அதிலிருந்து இத்தாலியில் நாணயச் சாலைக்குப் பெயர் வந்தது. அங்கே அடித்த பொற்காசுக்கும் பெயர் வந்தது. இறுதியில் உடையில் தைக்கும் பளபளப்பான சிறு வட்டுகள் 'ஸீக்வின்' எனப்பட்டன.

நமது ஜுப்பாவின் கதை இவை எல்லாவற்றையும் விட வியப்பானது. அரபியின் 'ஜுப்பா' பிரெஞ்சில் 'ஜூப்' ஆயிற்று. அதிலிருந்தே ஆங்கிலத்தின் 'ஜம்பர்' வந்திருத்தல் வேண்டும் என அகராதி ஆசிரியர்கள் கருதுகின்றனர். அந்த 'ஜம்பர்' பிற்காலத்தில் ஆங்கிலேயரோடு நம் நாட்டிற்கு வந்து, தமிழகத்தில் பெண்கள் அணியும் இரவிக்கைக்கும் பெயராயிற்று. கணவர் ஜுப்பாவும் மனைவி ஜம்பரும் அணிந்து நின்றபோது, ஒரே சொல் இரு வழிகளில் பயணம் செய்து ஒரே வீட்டில் சந்தித்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

பக்தாதில் அத்தாபிய்யா என்றொரு பகுதி இருந்தது. ஹிஜ்ரி 580-ல், அதாவது 1184-ல் பக்தாதுக்குச் சென்ற ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், பட்டும் பருத்தியும் கலந்து பல வண்ணங்களில் நெய்யப்படும் அத்தாபித் துணி அங்கே உருவாவதைக் குறிப்பிடுகிறார். அந்த 'அத்தாபி' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'டாபி' ஆயிற்று. இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பெப்பிஸ் என்பவரின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. 1661 அக்டோபரில் ஒரு நாள், தாம் ஓர் உடையை விடுத்து, பொன் சரிகையிட்ட போலி டாபியில் தைத்த கையில்லாச் சட்டையைப் போட்டுக் கொண்டதாக அதில் எழுதியிருக்கிறார். அங்கே அவர் ஆள்கின்ற வினை நாம் மேலே கண்ட 'புட் ஆன்' என்பதேயாகும். செயலுக்கு ஆங்கிலேயரின் சொந்தச் சொல். துணிக்கு பக்தாதின் பெயர். போலி பிறக்கும் அளவிற்கு அசலுக்கு மதிப்பு இருந்தது என்பதும் இதனால் விளங்குகிறது. இன்று அத்துணி வழக்கொழிந்து விட்டது. அதன் வரிகளைப் போன்ற வரிகளை உடைய பூனையை மட்டும் ஆங்கிலேயர் 'டாபி' என்று அழைக்கிறார்கள்.

சொல் மட்டுமன்றி உடையே சான்று பகரும் இடமும் ஒன்றுண்டு. சிசிலியின் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலெர்மோ நகரத்து அரச நெசவுச் சாலையில் ஹிஜ்ரி 528-ல், அதாவது 1133-34-ல், ஒரு செம்பட்டுப் போர்வை தயாராயிற்று. ஈச்ச மரத்தின் இரு பக்கமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம் பொன்னிழையாலும் முத்தாலும் அதில் தீட்டப்பட்டுள்ளது. ஓரத்தில் கூஃபி எழுத்தில் அரபு வாசகம் ஓடுகிறது; ஊரும் ஆண்டும் அதிலேயே குறிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் புனித ரோமானியப் பேரரசர்கள் முடிசூடும்போது அதையே அணிந்தார்கள். இன்றும் அது வியன்னா நகரத்து அரச கருவூலத்தில் இருக்கிறது.

சொல் இருந்தது, தறி போயிற்று

ஐரோப்பியக் கப்பல்கள் நம் கரைகளுக்கு வந்த பின்னர் இந்தியப் பெயர்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்தில் ஏறின. கோழிக்கோட்டின் பெயரால் 'காலிகோ'. வண்ணம் தெளித்த துணியைக் குறிக்கும் 'சீண்ட்' என்பதிலிருந்து 'சின்ட்ஸ்'. முடிந்து சாயமேற்றும் 'பாந்தனூ' முறையிலிருந்து 'பந்தானா'. மும்பையின் டோங்கிரிப் பகுதியிலிருந்து 'டங்கரி'. பாரசீகத்தின் 'ஷால்' தமிழில் சால்வையாகவும் ஆங்கிலத்தில் 'ஷாலா'கவும் வழங்கியது. 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. இரண்டும் சேர்ந்து 'பைஜாமா'. 'காக்' என்றால் புழுதி. 1846-ல் வட மேற்கு எல்லையில் அமைக்கப்பட்ட கைடுகள் படையினர் அணிந்த புழுதி நிற உடை 'காக்கி' என்று உலகெங்கும் பரவியது. இத்தகைய சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

ஆனால் சொற்கள் வரவேற்கப்பட்டது போலத் துணிகள் என்றும் வரவேற்கப்படவில்லை. இந்தியத் துணியின் மலிவும் அழகும் கண்டு இங்கிலாந்தின் நெசவாளர் அஞ்சினர். 1719-ல் இலண்டன் வீதிகளில் காலிகோ உடுத்திச் சென்ற பெண்களின் உடைகள் கிழித்தெறியப்பட்டன. 1721-ல் நாடாளுமன்றம் அச்சிட்ட காலிகோவை விற்பதையும் உடுத்துவதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் 1774 வரை நீடித்தது.

'மஸ்லின்' என்ற ஒரு சொல்லின் பயணத்தைப் பார்த்தால் இவ்வரலாறு முழுவதும் தெளிவாகும். மார்க்கோ போலோவின் காலத்தில் அது மூஸிலின் பட்டும் பொன்னும் கலந்த துணியைக் குறித்தது. பின்னர் டாக்காவின் மெல்லிய பருத்தித் துணிக்கு உரியதாயிற்று. 1779-ல் போல்ட்டன் நகரத்து சாமுவேல் கிராம்ப்டன் நுண்ணிய நூல் நூற்கும் பொறி ஒன்றை உருவாக்கினார். தொடக்கத்தில் அதற்கு 'மஸ்லின் ராட்டை' என்றே பெயர் வழங்கியது. அதன் பின் இங்கிலாந்தே மஸ்லினை நெய்யத் தொடங்கியது. பொறி நூலின் மலிவுக்கும் கும்பினி ஆட்சியின் நெருக்கடிக்கும் ஈடு கொடுக்க முடியாமல் டாக்காவின் தறிகள் நலிந்தன. மூஸிலின் பெயர் டாக்காவின் துணிக்கு ஏறி, அத்துணியின் பெயர் போல்ட்டனின் பொறிக்கு ஏறிற்று. பெயர் ஒன்றே, கைகள் மட்டும் இரு முறை மாறின.

பெயர் நின்று கை மாறியதற்கு இது சான்று. பெயரே மறைந்ததற்கும் சான்று உண்டு. காஷ்மீரச் சால்வையின் வளைந்த நுனியுடைய உருவத்தை நம் நெசவாளர் மாங்காய் என்பர். காஞ்சிபுரத்துச் சேலைகளிலும் அதைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊர் காஷ்மீரச் சால்வைகளைப் போன்றவற்றை ஏராளமாக நெய்து விற்றது. அன்று முதல் ஆங்கிலத்தில் அவ்வுருவத்திற்குப் 'பெய்ஸ்லி' என்றே பெயர். அதைக் கற்பனை செய்த பாரசீக, காஷ்மீரக் கைகளைப் பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை.

பழவேற்காடும் பெலிக்காட்டும்

நம் கரைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். டச்சுக்காரர் 1613-ல் அங்கே கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பினர். சுற்று வட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட துணிகள் அத்துறையிலிருந்து கீழை நாடுகளுக்குச் சென்றன. கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் 'புல்லிகாட்' என்ற பெயர் ஏற்பட்டது. ஸ்காட்லாந்து நெசவாளரும் அதைப் போல நெய்து அதே பெயரில் விற்றனர்.

சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் துணிப் பொதிகளோடு அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் பிற மலாய்த் துறைகளுக்கும் சென்று வந்தது யாவரும் அறிந்தது. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்றே சொல்கிறார்கள். 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்றால் நம் பழவேற்காடு. பதிலுக்கு மலாயின் 'சாருங்' ஆங்கிலத்தில் 'சரோங்' ஆனது போலவே, இலங்கைத் தமிழில் 'சாரம்' ஆயிற்று. நாம் கொடுத்தோம், நாம் பெற்றுக் கொள்ளவும் செய்தோம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். காலிகோ கோழிக்கோட்டில் மட்டும் நெய்யப்பட்டதன்று. அப்பெயரில் விற்ற துணியில் பெரும் பகுதி சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்றது. புலிகாட் துணியும் பழவேற்காட்டைச் சூழ்ந்த பல ஊர்த் தறிகளின் உழைப்பே. ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயரை உலகம் அறிந்து கொண்டது. நெய்தவன் வாழ்ந்த தெருவின் பெயரை எந்த அகராதியும் எழுதி வைக்கவில்லை.

பெருமையும் நேர்மையும்

இவற்றையெல்லாம் கேட்டவுடன் ஆங்கிலத்தில் உள்ளதெல்லாம் நம்முடையதே என்று சொல்லி மகிழும் ஆசை சிலருக்கு எழுதல் இயல்பு. அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. 'காஸ்' என்ற வலைத்துணி காஸா நகரத்தின் பெயரால் வந்தது என்றும், 'ஃபஸ்டியன்' என்ற முரட்டுத் துணி எகிப்தின் ஃபுஸ்தாத் நகரால் பெயர் பெற்றது என்றும் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் அகராதி ஆசிரியர் அவற்றை ஒருமனதாக ஏற்கவில்லை. சான்று உறுதியாக இருக்கும் சொற்களே நமக்கு ஏராளம் இருக்க, ஐயத்திற்குரியவற்றைக் கொண்டு பெருமை தேடுதல் கற்றோர்க்கு அழகன்று.

மேலும் அரபியும் பிறரிடம் பெற்றுக்கொண்டதே. 'ஸிர்வால்' என்ற காற்சட்டை பாரசீகத்தின் 'ஷல்வார்'. 'கமீஸ்' என்ற சட்டையின் பெயர் இலத்தீனின் 'கமீஸியா'வோடு தொடர்புடையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அரபியில் புகுந்த பிற மொழிச் சொற்களுக்கு 'முஅர்ரப்' என்று பெயரிட்டு, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டிலேயே இமாம் ஜவாலீக்கி தனி நூல் இயற்றினார். ஹிஜ்ரி 911-ல் மறைந்த இமாம் ஸுயூத்தி, திருமறையில் வரும் இத்தகைய சொற்களைத் தொகுத்தபோது, பட்டைக் குறிக்கும் 'இஸ்தப்ரக்', 'ஸுந்துஸ்' ஆகியவற்றையும் அத்தொகுப்பில் சேர்த்தார். கடன் பெற்ற சொல்லைக் கடன் என்று ஒப்புக் கொள்வதில் அப்பேரறிஞர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. அதனால் அரபியின் மாண்பு குறைந்ததும் இல்லை.

நம் சமுதாயத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலத்தைக் கற்பதற்கே தயங்கியோர் இருந்தனர். இன்று அத்தயக்கம் நீங்கிவிட்டது, அது நன்றே. ஆயினும் அதன் இடத்தில் நம் சொந்தச் சொற்களைக் கண்டு கூசும் இயல்பு குடியேறுமாயின் அது முன்னதினும் பெருங்கேடு. ஆங்கிலம் உலகத்தின் பல சந்தைகளில் துணி எடுத்து, பல ஊர்ப் பெயர்களைச் சேர்த்துத் தைத்து உடுத்திய மொழி. அதைக் கற்கும் பிள்ளை தாழ்வு கொள்ளவும் வேண்டா, செருக்குக் கொள்ளவும் வேண்டா. 'காட்டன்' என்று சொல்லும் பிள்ளைக்கு 'குத்ன்' என்ற சொல்லையும் 'பருத்தி' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு. ஒரு சொல்லைக் கற்ற இடத்தில் மூன்று மொழிகளும் ஆயிரம் ஆண்டு வரலாறும் அதற்குக் கிடைக்கும்.

பெயர்கள் அகராதியில் நிலைத்திருப்பது மட்டும் போதுமானதன்று என்பதையும் டாக்காவின் கதை கற்பிக்கிறது. ஒரு காலத்தில் நலிந்த அந்நகரின் நெசவில் ஜாம்தானி என்னும் பூ வேலை மட்டும் விடாமல் காக்கப்பட்டு, 2013-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனத்தால் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. தந்தையிடம் மகன் கற்றுக் கையில் பிடித்துக் காத்ததால் கிடைத்த சிறப்பு அது. நம் ஊர்களில் இன்னும் தறியில் அமர்ந்திருப்போர் உளர். அவர்கள் நெய்த துணி என்னவென்று கேட்டு, அதன் பெயரை அறிந்து வாங்கி உடுத்துவது, பழம்பெருமை பேசுவதினும் பயன் தரும்.